சுண்டைக்காயும் சுமைகூலியும்

ஒரு கிலோ பாரா நைட்ரோபீனாலை இரும்புத்தூள் கொண்டு அமினோபீனாலாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஏட்டுக் கணக்குப்படி சுமார் 900 கிராம் இரும்பு செலவாகும். கைக்கு வரும் சரக்கு 784 கிராம். அதோடு 1,250 கிராம் கறுப்புச் சகதியும் வந்து சேரும். விற்கிற பொருளைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கொட்டவேண்டிய பொருள். ஆலைகளில் இரும்பைக் கணக்குக்கு மேலேயே போடுவார்கள் என்பதால் நிஜத்தில் சகதி இன்னும் பெருகும்.

இந்த முறைக்கு வயது 170ஐத் தாண்டிவிட்டது. 1854இல் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பெஷாம்ப், நைட்ரோபென்சீனை இரும்பாலும் அசிட்டிக் அமிலத்தாலும் அனிலினாக மாற்றலாம் என்று காட்டினார். இரண்டே ஆண்டில் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் ஊதாச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதை ஆலையில் தயாரிக்க முனைந்தபோது வேண்டிய அனிலினை அவருக்குத் தந்தது பெஷாம்ப்பின் வழிதான். செயற்கைச் சாயத் தொழில் எழுந்து நின்றதே இந்தச் சகதிமேட்டின் மீது என்று சொல்லலாம். 1925இல், பின்னாளில் பேயர் நிறுவனத்தின் வசம் வந்த யூர்டிங்கன் ஆலையில் யூலியஸ் லௌக்ஸ் என்ற வேதியியலாளர் ஓர் உபாயம் செய்தார். வினையின்போது சில உலோக குளோரைடுகளைச் சேர்த்தால் அதே சகதி வண்ணப்பூச்சுக்கு ஏற்ற நிறமியாக மாறிவிடுகிறது. குப்பையை விற்கத் தெரிந்ததால்தான் அந்த முறை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது.

அந்தச் சகதியின் பெரும்பகுதி மேக்னடைட், காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் ‘மலிவான, மறுபயன் கொண்ட வினையூக்கி’ என்ற பெயரில் உருவாகும் நானோ கூட்டுப்பொருள்கள் பலவற்றுக்கு உள்ளே கருவாக இருப்பதும் இதே மேக்னடைட்தான். முன்பு கழிவாக வந்தது இப்போது கைப்பிடியாக வருகிறது. வினை முடிந்ததும் காந்தத்தைக் காட்டினால் வினையூக்கி ஓரமாக ஒதுங்கும். எடுத்துக் கழுவி மறுபடி போடலாம். இந்தக் கைப்பிடியால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், நைட்ரோவை அமீனாக்கும் இந்த வினையைப் பார்ப்போம். இதன் பெயர் ஒடுக்கம். வேதியியலில் ஒடுக்கம் என்றால், சுருக்கமாக, எலக்ட்ரான் கொடுப்பது. இலங்கைப் பாடநூல்கள் இதைத் தாழ்த்தல் என்று சொல்லும். நைட்ரோ தொகுதியில் நைட்ரஜனோடு இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜனைப் பொருத்தினால் அமீன். ஒரு மூலக்கூறுக்கு ஆறு எலக்ட்ரான் வேண்டும். பெஷாம்ப் அந்த ஆறையும் இரும்பிடம் வாங்கினார். கொடுத்த இரும்பு துருவாகிக் கழிந்தது. இதையே ஹைட்ரஜன் வாயுவிடம் வாங்கினால் மிஞ்சுவது தண்ணீர் மட்டும். நம் ஒரு கிலோ நைட்ரோபீனாலுக்கு வேண்டிய ஹைட்ரஜன் வெறும் 43 கிராம். 900 கிராம் இரும்பு எங்கே, 43 கிராம் ஹைட்ரஜன் எங்கே!

ஆனால் ஹைட்ரஜன் சோம்பேறி. அதன் இரு அணுக்களையும் பிரித்துவிட ஓர் உலோகப் பரப்பு வேண்டும். பொடியாக்கிய நிக்கல் அந்த வேலையைச் செய்யும் என்று பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியே கண்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு. 1920களில் அமெரிக்காவின் மரே ரேனி, நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கி, பிறகு காரத்தில் அலுமினியத்தைக் கரைத்தெடுத்து, கடற்பஞ்சு போலத் துளை நிறைந்த நிக்கலைச் செய்தார். 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா, திரவ எண்ணெயை நிக்கலின் துணையோடு ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கியதே. ஆக, மலிவான உலோகத்தை நுண்ணியதாக்கி ஒடுக்க வினைக்குப் பயன்படுத்துவது நூறாண்டுப் பழைய வித்தை. ‘நானோ’ என்ற சொல்தான் புதிது. ரேனி நிக்கலைக் கையாண்டவர்களுக்கு அதன் குணமும் தெரியும்: ஈரம் காய்ந்தால் காற்றிலேயே தீப்பிடித்துக்கொள்ளும்.

நுண்ணியதாக்குவதில் என்ன லாபம்? வினை நடப்பது பரப்பில். உள்ளே புதைந்த அணுக்களுக்கு வேலையில்லை. அணுக்களை அடுக்கடுக்காகச் சுற்றிக் கட்டினால், 55 அணு கொண்ட ஒரு கொத்தில் 42 அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். 147 அணுவில் 92. 561 அணுவில் 252, அதாவது பாதிக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்கில் இந்த விகிதம் ஏறத்தாழ பூஜ்யம். பல்லேடியம், பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தில் ஓரணுவும் வீணாகக் கூடாது என்பதால் அதைச் சிறிதாக்குகிறார்கள். செம்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றுக்கு அந்தக் கவலை குறைவு. ஒரு கிலோ பல்லேடியத்தின் விலைக்குச் செம்பை டன் கணக்கில் வாங்கலாம். செம்பைச் சிறிதாக்குவதன் நோக்கம் அதன் மந்தத்தை ஈடுகட்டுவது.

சிறிதாக்கிய துகள் அப்படியே இருந்துவிடாது. மழைத்துளிகள் கண்ணாடிமீது ஒன்றையொன்று விழுங்குவதுபோலச் சிறு துகள்கள் சேர்ந்து பெரிதாகும். செம்பாக இருந்தால் காற்றுப்பட்டு ஆக்சைடாகவும் மாறும். எனவே துகளை இருந்த இடத்தில் பிடித்துவைக்க ஒரு தாங்கி தேவை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், உமிச் சாம்பலின் சிலிக்கா, தேங்காய்ச் சிரட்டைக் கரி, களிமண், கிராபீன் ஆக்சைடு என்று தாங்கிகளின் பட்டியல் நீளும். கைட்டோசானின் சங்கிலியில் வரிசையாக அமீன் தொகுதிகள் தொங்குகின்றன. செம்பு அயனிகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒடுக்கினால் ஒட்டிய இடத்திலேயே நுண்துகளாகும். இதனோடு மேக்னடைட்டையும் உள்ளே வைத்துவிட்டால் காந்தத்தில் பிரிக்கலாம். உலோகம், தாங்கி, காந்தக் கரு மூன்றும் சேர்ந்த இதுவே நானோ கூட்டுப்பொருள்.

மேக்னடைட் செய்வது வெகு எளிது. இரு எலக்ட்ரான் இழந்த இரும்பு உப்பை ஒரு பங்கும், மூன்று இழந்ததை இரண்டு பங்கும் நீரில் கரைத்து, காற்றுப்படாமல் அம்மோனியா ஊற்றினால் அந்தக் கணமே குடுவை கறுத்துவிடும். துகள்கள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஒரு விசேஷ குணம் வருகிறது. காந்தம் அருகிலிருக்கும் வரைதான் அவை காந்தங்கள். காந்தத்தை விலக்கினால் எல்லாம் மறந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் மீண்டும் நீரில் பரவும். மீபாரா காந்தத்தன்மை என்பது இதுதான். வேண்டும்போது சேர், வேண்டாதபோது பிரி என்று சொன்னபடி கேட்கும் தூள் ஒரு வேதியியலாளருக்கு வரப்பிரசாதம். இதன் பலவீனம் அமிலம். அமிலக் கரைசலில் மேக்னடைட் கரையும். அதனால் அதன்மேல் சிலிக்கா ஓட்டையோ பாலிமர் உறையையோ போர்த்துகிறார்கள். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு படி வேலை, ஒரு படி செலவு.

இப்படிச் செய்த வினையூக்கியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உலகின் எந்த மூலையில் செய்தாலும் சோதனை பெரும்பாலும் ஒன்றே: சோடியம் போரோஹைட்ரைடைக் கொண்டு 4-நைட்ரோபீனாலை, அதாவது நம் பாரா நைட்ரோபீனாலை, 4-அமினோபீனாலாக ஒடுக்குவது. 2002இல் இரு குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தாராசங்கர் பால் குழுவினர் வெள்ளித் துகள்களையும், ஜப்பானில் குனியோ எசுமி குழுவினர் தங்கத்தையும் கொண்டு செய்தார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கான கட்டுரைகள்.

சோதனை அழகானது, அதை மறுப்பதற்கில்லை. நைட்ரோபீனால் கரைசல் வெளிர்மஞ்சள். அது ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம் 317 நானோமீட்டர். போரோஹைட்ரைடைப் போட்டதும் கரைசல் காரமாகி, மஞ்சள் பளீரென அடர்ந்து, உறிஞ்சல் 400 நானோமீட்டருக்கு நகர்கிறது. அதற்குப் பின் ஒன்றும் நடக்காது. ஆற்றல் கணக்கு வினைக்குச் சாதகமாக இருந்தும், மணிக்கணக்கில் மஞ்சள் அப்படியே நிற்கும். எதிர்மின் சுமை கொண்ட இரண்டு அயனிகள் ஒன்றையொன்று நெருங்கத் தயங்குகின்றன. துளி வினையூக்கி விழுந்ததும் இரண்டும் உலோகப் பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் அமர்கின்றன. போரோஹைட்ரைடு தந்த ஹைட்ரஜன் நைட்ரோ தொகுதிக்குக் கைமாறுகிறது. மஞ்சள் தேய்கிறது, 300 நானோமீட்டர் அருகே அமினோபீனாலின் மேடு எழும்புகிறது. சில நிமிடங்களில் கரைசல் தண்ணீர் போல் தெளிந்துவிடும். நிறமாலைமானி ஒரு பக்கம் கோடுகளை வரைந்துகொண்டே இருக்க, மறுபக்கம் வேக மாறிலி கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு கட்டுரைகள் ஏன் என்பதற்கு விடை இந்த வசதியில் இருக்கிறது. ஹைட்ரஜன் உருளை வேண்டாம். உயர் அழுத்தக் கலம் வேண்டாம். வாயு நிறப்பகுப்பு மானி வேண்டாம். ஒரு சாதாரண நிறமாலைமானி எந்தக் கலைக் கல்லூரியிலும் இருக்கும். வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு இந்த வினை ஒரு ஜனநாயகக் கதவைத் திறந்துவிட்டது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கையில் இருக்கும் கருவி எதை அளக்குமோ அதுவே முக்கியம் என்று ஆகிவிடும் ஆபத்தும் அதே கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது.

அழகான சோதனைக்குள்ளும் புதிர்கள் உண்டு. வினையூக்கியைப் போட்டதும் பல நேரம் உடனே எதுவும் நடக்காது. சில நொடிகளோ சில நிமிடங்களோ காத்திருந்துதான் மஞ்சள் இறங்கத் தொடங்கும். ஜெர்மனியின் மத்தியாஸ் பல்லாஃப் குழு, உலோகப் பரப்பின் அணுக்கள் தங்களை மறுஒழுங்கு செய்துகொள்ள எடுக்கும் நேரம் அது என்றது. 2016இல் அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹியூஸும் ஸ்வெட்லானா நெரெட்டினாவும் சகாக்களுடன் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள்: நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். அதை வெளியேற்றினால் அந்தக் காத்திருப்பும் மறைந்துவிடுகிறது. இரண்டு ஆய்வகங்கள் ஒரே தூளைக் கொண்டு வெவ்வேறு வேகம் கண்டால், ஒன்றில் நீர் காற்றோடு எவ்வளவு நேரம் உறவாடியது என்பதே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு புதிர், குடுவைக்குள் போன பொருள்தானா உள்ளே வேலை செய்கிறது என்பது. கோபால்ட் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு என்று பெயரிட்டுப் போடுவதைப் போரோஹைட்ரைடு சும்மா விடுமா? அதுவே வலிமையான ஒடுக்கி. கோபால்ட், நிக்கல் உப்புகளோடு அது சேர்ந்தால் கறுப்பு போரைடு வீழ்படியும் என்பது 1950களிலேயே தெரிந்த சங்கதி. செம்பு ஆக்சைடு செம்பாகும். கட்டுரையின் தலைப்பில் இருக்கும் வினையூக்கி ஒன்று, வேலை பார்க்கும் வினையூக்கி வேறொன்று. வேலைக்கு முன்னும் பின்னும் தூளை ஆராய்ந்து பார்த்தவர்கள் மட்டுமே இதைப் பற்றிப் பேச முடியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். முதலில் ‘மலிவு’.

போரோஹைட்ரைடு ஒரு மூலக்கூறு எட்டு எலக்ட்ரான் தரவல்லது. ஆறு எலக்ட்ரான் தேவைப்படும் நைட்ரோ தொகுதி நான்குக்கு மூன்று போரோஹைட்ரைடு போதும். நம் ஒரு கிலோ நைட்ரோபீனாலுக்கு 204 கிராம். ஆய்வகத்தில் அப்படிப் போடுவதில்லை. வேகத்தைச் சுலபமாகக் கணிக்க வேண்டுமானால் ஒடுக்கியின் அளவு வினை முழுவதும் மாறாமல் இருப்பதாகத் தோன்ற வேண்டும். அதனால் மூலக்கூறு எண்ணிக்கையில் நைட்ரோபீனாலைப் போல நூறு மடங்கோ அதற்கு மேலோ அள்ளிப் போடுகிறார்கள். நூறு மடங்கு என்றே வைத்தாலும் ஒரு கிலோ நைட்ரோபீனாலுக்கு 27 கிலோ போரோஹைட்ரைடு. அது சோடியம் ஹைட்ரைடையும் போரேட் எஸ்டரையும் உயர் வெப்பத்தில் சேர்த்துச் செய்யும் விலை கூடிய சரக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிகாகோவில் ஷ்லெசிங்கரும் ஹெர்பர்ட் பிரவுனும் அதைக் கண்டறிந்தது ராணுவத் தேவைக்கான ஆய்வின்போது. செம்பில் மிச்சம் பிடித்த காசு இங்கே பல மடங்காக ஓடிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இங்கே சுமைகூலி அதற்கும் மேலே.

‘கழிவுநீரைச் சுத்திகரிக்க’ என்று பல கட்டுரைகள் தொடங்குகின்றன. பாரத்தியான் போன்ற பூச்சிமருந்துகள் சிதையும்போது நைட்ரோபீனால் உருவாகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை முன்னுரிமை மாசுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆக, அதை நீக்குவது நல்ல காரியம். சோதனைக் கரைசலில் நைட்ரோபீனால் பொதுவாக லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவில் இருக்கும். நூறு மடங்கு போரோஹைட்ரைடு போட்டதும் அதே லிட்டரில் 108 மில்லிகிராம் போரானும் 230 மில்லிகிராம் சோடியமும் சேர்ந்துவிடும். பாசன நீரில் போரான் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே எலுமிச்சை போன்ற மரங்களின் இலை கருகும். நைட்ரோபீனாலும் காணாமல் போகவில்லை. அமினோபீனாலாக அதே நீரில்தான் இருக்கிறது. அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும் பொருள், காற்றுப்பட்டால் பழுப்பேறும். மஞ்சள் போனது மட்டும் உண்மை.

அமினோபீனாலைத் தேவைப்பட்டுத் தயாரிக்கும் இடத்தில் கணக்கு வேறு. 1878இல் ஹார்மன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் பாரா நைட்ரோபீனாலைத் தகரத்தாலும் அசிட்டிக் அமிலத்தாலும் ஒடுக்கியபோது ஒரு வெள்ளைப் பொருள் கிடைத்தது. அதுதான் பாரசிட்டமால். இன்றும் அமினோபீனாலின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தே அதைச் செய்கிறார்கள். காய்ச்சல் வந்தால் நாம் விழுங்கும் மாத்திரையின் மூலப்பொருளுக்கு இந்தியா பெருமளவு சீனாவை நம்பியிருந்தது. 2020இல் மத்திய அரசு அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் மருந்து மூலப்பொருள் பட்டியலில் பாரா அமினோபீனாலும் இடம்பெற்றது. ஆனால் ஆலைக்காரர் போரோஹைட்ரைடைத் தொடமாட்டார். அவருக்கு வேண்டியது ஹைட்ரஜனோடு வேலைசெய்யும் வினையூக்கி. போரோஹைட்ரைடில் சூரனாக இருக்கும் தூள் ஹைட்ரஜனிடமும் சூரனாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளப்பது தனி வேலை.

இனி ‘மறுபயன்’. இதற்குத் தனியே ஒரு கணக்கு உண்டு. இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

நிறமாலைமானியில் வைக்கும் குவார்ட்ஸ் செல்லின் கொள்ளளவு சுமார் மூன்று மில்லிலிட்டர். லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்றால் அந்த மூன்று மில்லிலிட்டரில் உள்ள நைட்ரோபீனால் 0.042 மில்லிகிராம். அதற்குப் போடும் கூட்டுப்பொருள் ஒரு மில்லிகிராம் என்று குறைவாகவே வைப்போம். வினையூக்கியின் எடை, அது மாற்றவேண்டிய பொருளின் எடையைப் போல 24 மடங்கு! ஐந்து சுற்று மறுபயன் செய்து காட்டினால் மொத்தம் மாறியது 0.21 மில்லிகிராம். தன் எடைக்குச் சமமான சரக்கை மாற்றிக் காட்டவே 24 சுற்று ஓட வேண்டும். ஆலையில் ஒரு வினையூக்கி தன் எடையைப் போலப் பல நூறு, பல ஆயிரம் மடங்கு சரக்கைத் தராவிட்டால் அதை யாரும் சீண்டமாட்டார்கள். இந்த அளவில், வினையே நடக்காமல் தூளின் துளைகளுக்குள் மஞ்சள் போய் ஒட்டிக்கொண்டாலும் கரைசல் தெளிந்துவிடும். அமினோபீனாலின் மேடு எழுந்ததா என்று பார்க்காமல் மஞ்சள் மறைந்ததை மட்டும் காட்டும் படத்தை நம்பக் கூடாது.

எத்தனை சுற்று என்பதைவிட எப்படி அளந்தார்கள் என்பது முக்கியம். புது வினையூக்கி நான்கு நிமிடத்தில் வேலையை முடிக்கிறது, பத்து நிமிடம் கழித்து அளக்கிறோம், நூறு சதவீதம். சில சுற்றுகளில் அதன் திறன் பாதியாகிவிடுகிறது. இப்போது எட்டு நிமிடம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் அளந்தால் அப்போதும் நூறு சதவீதம்! பாதிச் செத்த வினையூக்கி, ‘திறன் குறையவில்லை’ என்ற சான்றிதழோடு வெளியே வருகிறது. பட்டை வரைபடத்தில் ஒரே உயரத்தில் ஐந்து தூண்கள் நிற்கும். வினை பாதி நடந்திருக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் கிறிஸ்டஃபர் ஜோன்ஸ் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து சதவீதத் திறன் போனால் ஐந்து சுற்று முடிவில் 77 சதவீதம் மிஞ்சும். இருபது சுற்றில் 36. ஐந்தோடு நிறுத்திக்கொள்வது ஏன் இவ்வளவு பிரபலம் என்பது புரிகிறது.

திறன் எங்கே போகிறது? துகள்கள் கூடிப் பெரிதாகலாம். விளைபொருள் பரப்பில் ஒட்டி அடைக்கலாம். கழுவும்போது தூளே கொஞ்சம் கொட்டிப்போகலாம். மில்லிகிராமில் வேலைசெய்பவருக்கு இது பெரிய நஷ்டம். மோசமானது உலோகக் கசிவு. தாங்கியிலிருந்து உலோகம் சிறிது சிறிதாகக் கரைசலுக்குள் இறங்கி, அங்கே கரைந்த நிலையிலேயே வினையை நடத்திக்கொண்டிருக்கும். நாம் தாங்கிக்கு மாலை போடுவோம். இதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது: வினை பாதியில் இருக்கும்போது, சூடு ஆறுவதற்குள் தூளை வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய தெளிநீரில் வினை தொடர்கிறதா என்று கவனிப்பது. தொடர்ந்தால் வேலை செய்தவர் வேறு ஆள். பெரிய கருவி எதுவும் இதற்கு வேண்டாம். இருந்தும் எல்லாக் கட்டுரைகளிலும் இதைக் காண முடிவதில்லை. செம்போ நிக்கலோ கழிவுநீரில் இறங்கினால் அதுவே மாசு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இலைச்சாற்றால் துகள் செய்யும் ‘பசுமை’ முறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேப்பிலை, துளசி என்று நம் ஊர்த் தோட்டமே ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. இலையிலுள்ள பாலிபீனால்கள் உலோக அயனியை ஒடுக்குவது உண்மைதான். ஆனால் ஆடியில் பறித்த இலையும் தையில் பறித்த இலையும் ஒரே சாறு தருவதில்லை. மறுமுறை அதே துகள் வராவிட்டால் மலிவு இருந்தென்ன?

சாயங்களுக்கு வந்தால் எனக்குப் பொறுமை குறைகிறது. மெத்தில் ஆரஞ்சு, காங்கோ சிவப்பு ஆகியவற்றின் நிறத்தைப் போரோஹைட்ரைடால் போக்கிக் காட்டி, ‘சாயக்கழிவுக்குத் தீர்வு’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சாயங்களின் நிறம் இரண்டு நைட்ரஜன்களை இணைக்கும் அசோ பிணைப்பில் இருக்கிறது. ஒடுக்கினால் பிணைப்பு அறுந்து இரண்டு பக்கமும் அமீன்கள் உதிரும். காங்கோ சிவப்பை அறுத்தால் உதிர்வது பென்சிடின், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரவழைக்கும் பொருள். திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இருக்கிறதா என்று சோதிக்கும் முறையே, துணியைச் சோடியம் டைதயோனைட்டால் ஒடுக்கி, உதிரும் அமீனைத் தேடுவதுதான். சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்வார்களே, அதேதான். ஒருவர் நஞ்சைக் கண்டுபிடிக்கச் செய்யும் வினையை மற்றொருவர் நஞ்சை நீக்கியதாக எழுதுகிறார்.

திருப்பூரின் சிக்கல் நிறத்தோடு முடிவதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நொய்யலைக் கெடுத்திருந்தது சாயம் மட்டுமல்ல, உப்பும்தான். அதனால்தான் எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட துளிநீரும் வெளியேற்றாத முறைக்கு அங்கே போக வேண்டியதாயிற்று. ஏற்கெனவே உப்பில் தவிக்கும் நீரில் சோடியத்தையும் போரேட்டையும் இன்னும் கொட்டுவது எந்த வகையில் தீர்வு?

இதையெல்லாம் சொல்வதால் மலிவான உலோகங்களால் ஆகாது என்று பொருளில்லை. நைட்ரோபென்சீனை அனிலினாக்கும் பெரிய ஆலைகள் சிலவற்றில், சிலிக்காமீது படியவைத்த செம்பு நெடுங்காலமாக ஆவிநிலையில் அந்த வேலையைச் செய்துவருகிறது. 2013இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தில் உள்ள லைப்னிட்ஸ் வினையூக்க நிறுவனத்தில் மத்தியாஸ் பெல்லரும், இந்தியாவிலிருந்து போன ராஜேனஹள்ளி ஜெகதீஷும் சகாக்களும் இரும்பைக் கொண்டே ஒன்றைச் செய்தார்கள். பெனாந்த்ரோலின் என்ற நைட்ரஜன் சேர்மத்தோடு இரும்பைப் பிணைத்து, கரியின்மீது ஏற்றி, 800 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். நைட்ரஜன் கலந்த கரி சூழ்ந்த இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கிடைத்தன. ஒடுக்கியாக இருந்தது ஹைட்ரஜன்தான். பெஷாம்ப் கிலோக் கணக்கில் கரைத்த அதே இரும்பு இங்கே செலவாகாமல் இடைத்தரகராக நின்றது.

அவர்கள் காட்டிய இன்னொன்று வேகத்தைவிட மதிப்பு மிக்கது: தேர்வுத்திறன். மருந்து மூலக்கூறு ஒன்றில் நைட்ரோ தொகுதி தனியாக இருப்பதில்லை. பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கும், கார்பனைல் இருக்கும், குளோரின் இருக்கும். நைட்ரோவை மட்டும் ஒடுக்கிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டும். 2006இல் ஸ்பெயினின் அவெலினோ கோர்மா தங்கத் துகள்களால் அதைச் சாதித்திருந்தார். இப்போது இரும்பு. நடுவழியில் நின்றுபோகாமல் இருப்பதும் வேண்டும். நைட்ரோவிலிருந்து நைட்ரோசோ, பிறகு ஹைட்ராக்சிலமீன், கடைசியில் அமீன் என்ற படிகளை ஃபிரிட்ஸ் ஹேபர் 1898இலேயே வரைந்துவிட்டார். ஹைட்ராக்சிலமீன் படியில் தேங்கினால் வெடிக்கவும் செய்யலாம். 4-நைட்ரோபீனால் சோதனையோ, தொடக்கூடாத தொகுதி எதுவும் பக்கத்தில் இல்லாத மூலக்கூறில் நடக்கிறது. ஆளில்லாத மைதானத்தில் வண்டி ஓட்டிக் காட்டி உரிமம் வாங்குவது போல.

கடைசியாகக் காந்தம். ஒரு துகள்மீது காந்தம் செலுத்தும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. நூறு நானோமீட்டர் துகளை இழுக்கும் விசையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பத்து நானோமீட்டர் துகளுக்குக் கிடைக்கும். வினைக்குச் சிறியது நல்லது, இழுக்கப் பெரியது நல்லது. அதனால் சிறு மேக்னடைட் துகள்கள் பலவற்றை ஒரே உருண்டைக்குள் கட்டி, மேலே உலோகத்தைத் தூவுகிறார்கள். அப்போதும், காந்தத்திலிருந்து விலக விலகப் புலம் விரைந்து தேய்கிறது. இருபது மில்லிலிட்டர் குப்பியின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் ஒரு நிமிடத்தில் கரைசல் தெளிவது போல ஆயிரம் லிட்டர் தொட்டியில் நடக்காது.

இதற்கான வழியைக் களிமண் தொழில் என்றோ கண்டுவிட்டது. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் போகும் வெண்களிமண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதுத் தூசியை எடுக்க, 1970களிலிருந்தே எஃகு நாரைத் திணித்த குழாயை வலிய காந்தப்புலத்துக்குள் வைத்து, களிமண் கூழை அதன் வழியே பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு நாரின் விளிம்பிலும் புலம் கூர்மையாக மாறுவதால் தூசி அங்கே பிடிபடுகிறது. புலத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரை அடித்தால் பிடிபட்டது முழுவதும் கழன்று வந்துவிடும். மீபாரா காந்தத் தூளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் படத்தில் மட்டும் இன்னும் அதே கண்ணாடிக் குப்பி, பக்கத்தில் ஒட்டிய அதே சிறு காந்தம்.